மேன்டில் செல் லிம்ஃபோமா: முதல்கட்டச் சிகிச்சைகள் ஓர் ஒப்பீடு

மேன்டில் செல் லிம்ஃபோமா என்பது இரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகையான பி அணுக்களில் தோன்றும் நிணநீர்ப் புற்றுநோய் ஆகும். நிணநீர்க் கணுக்களுக்குள் உள்ள முளைமையங்களைப் போர்வை போலச் சூழ்ந்திருக்கும் பகுதிக்கு 'மேன்டில்' என்று பெயர். அப்பகுதியின் அணுக்களை ஒத்திருப்பதால் இந்நோய் இப்பெயர் பெற்றது. பெண்களைவிட ஆண்களிடமும், பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர்களிடமும் இது மிகுதியாகக் காணப்படுகிறது.

நோயின் இயல்பு

11-ஆம், 14-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் ஒன்றுக்கொன்று இடம் மாறுவதே இந்நோயின் அடையாளம். இதனால் 'சைக்ளின் டி1' என்னும் புரதம் அளவுக்கு மீறி உருவாகி, அணுக்களை ஓயாமல் பிளவுறச் செய்கிறது. பெரும்பாலோருக்கு நோய் கண்டறியப்படும்போதே எலும்பு மச்சை, மண்ணீரல், குடல் ஆகிய இடங்களுக்குப் பரவியிருக்கும். முதல் சிகிச்சைக்கு நோய் நன்றாகக் கட்டுப்பட்டாலும், சில ஆண்டுகளில் திரும்பி வருவது இதன் வழக்கம். திரும்பிய பின் கட்டுப்படுத்துவது கடினம் என்பதால், முதல் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது மிக முக்கியமான முடிவாகிறது.

தன்குருத்தணு மாற்று

நோயாளியின் சொந்தக் குருத்தணுக்களையே பயன்படுத்துவதால் இது தன்குருத்தணு மாற்று எனப்படுகிறது. விவசாயி விதைநெல்லைத் தனியே எடுத்து வைப்பதுபோல, நோயாளியின் இரத்தத்திலிருந்து குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து உறைநிலையில் பாதுகாப்பார்கள். பிறகு மிக அதிக அளவில் வேதிமருந்துகள் செலுத்தப்படும். இவை எஞ்சிய புற்றணுக்களுடன் எலும்பு மச்சையையும் அழித்துவிடும். அதன்பின் சேமித்த குருத்தணுக்கள் இரத்தநாளத்தின் வழியே திரும்பச் செலுத்தப்படும். சுமார் இரண்டு வாரங்களில் அவை புதிய இரத்த அணுக்களை உருவாக்கத் தொடங்கும். அதுவரை நோயாளிக்கு எதிர்ப்பாற்றல் மிகக் குறைவு.

இக்கடுமையைத் தாங்கும் உடல்நிலை உள்ளவர்களே 'மாற்றுக்கு ஏற்றவர்கள்'. ஆய்வுகளில் பொதுவாக 65 வயது எல்லையாகக் கொள்ளப்பட்டது. நடைமுறையில் இதயம், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலையும் கருதப்படும்.

வேதிமருந்துக் கலவைகள்

'ஆர்-சாப்' என்பது ரிட்டுக்ஸிமாப் என்னும் எதிர்ப்பான் மருந்துடன் சைக்ளோபாஸ்பமைடு, டாக்சோரூபிசின், வின்கிரிஸ்டின், பிரட்னிசோன் ஆகியவை சேர்ந்தது. 'ஆர்-டிஹாப்' என்பது ரிட்டுக்ஸிமாப், டெக்சாமெத்தசோன், உயர் அளவு சைட்டராபின், சிஸ்பிளாட்டின் ஆகியவற்றின் கலவை.

ஐரோப்பாவில் 497 பேரிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வு இவற்றை ஒப்பிட்டது. ஒரு பிரிவினருக்கு ஆர்-சாப் மட்டும் தரப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு ஆர்-சாப், ஆர்-டிஹாப் இரண்டும் மாறி மாறித் தரப்பட்டன. இரு பிரிவினருக்கும் பின்னர் குருத்தணு மாற்று செய்யப்பட்டது. சிகிச்சை தோல்வியடையும் வரையான இடைநிலைக் காலம் முதல் பிரிவில் 3.9 ஆண்டுகள்; சைட்டராபின் பெற்ற பிரிவில் 9.1 ஆண்டுகள். இதனால் உயர் அளவு சைட்டராபின் இளையோர் சிகிச்சையில் நிலையான இடம் பெற்றது.

தொடர் ரிட்டுக்ஸிமாப்

மாற்று முடிந்த பின் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, மூன்று ஆண்டுகள் ரிட்டுக்ஸிமாப் தருவதன் பயனைப் பிரான்சின் 'லைமா' ஆய்வு 2017-இல் காட்டியது. நான்கு ஆண்டுகளில் மருந்து பெற்றவர்களில் 89 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். பெறாதவர்களில் இது 80 விழுக்காடு.

ட்ரையாங்கிள் ஆய்வு

இப்ரூட்டினிப் என்பது புற்றணுக்களின் வளர்ச்சிச் சமிக்ஞைக்குத் தேவையான 'பிடிகே' நொதியைத் தடுக்கும் வாய்வழி மருந்து. இதை முதல் சிகிச்சையிலேயே சேர்த்தால் குருத்தணு மாற்று தேவைதானா என்பதை ஐரோப்பாவின் ட்ரையாங்கிள் ஆய்வு ஆராய்ந்தது. 870 நோயாளிகள் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். 2024-இல் வெளியான முடிவுகளின்படி, மூன்று ஆண்டுகள் சிகிச்சை தோல்வியின்றி வாழ்ந்தோர்:

வேதிமருந்து, மாற்று: 72 விழுக்காடு
வேதிமருந்து, இப்ரூட்டினிப், மாற்று: 88 விழுக்காடு
வேதிமருந்து, இப்ரூட்டினிப் (மாற்று இல்லை): 86 விழுக்காடு

இப்ரூட்டினிப் பெற்ற இரு பிரிவுகளும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்தன. ஆனால் பக்கவிளைவுகளில் வேறுபாடு இருந்தது. சிகிச்சைக்குப் பிந்தைய தொடர்காலத்தில் கடுமையான தொற்றுகள், இப்ரூட்டினிப்பும் மாற்றும் சேர்ந்து பெற்றவர்களில் 25 விழுக்காடு. இப்ரூட்டினிப் மட்டும் பெற்றவர்களில் 19 விழுக்காடு. மாற்று மட்டும் பெற்றவர்களில் 13 விழுக்காடு. அதாவது இரண்டையும் சேர்ப்பதால் பலன் பெரிதாகக் கூடவில்லை, தொல்லை கூடியது. இப்ரூட்டினிப் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைப்பதும் உண்டு. எனவே அதே வகையைச் சேர்ந்த அகலாப்ரூட்டினிப், ஜானுப்ரூட்டினிப் ஆகியவையும் இன்று பயன்படுகின்றன.

எஞ்சிய நோயைத் தேடுதல்

ஸ்கேனில் நோய் தெரியாவிட்டாலும் சில புற்றணுக்கள் ஒளிந்திருக்கலாம். பத்து லட்சம் அணுக்களில் ஒரு புற்றணு இருந்தாலும் கண்டறியும் மரபணுச் சோதனைகள் உள்ளன. அத்தகைய சோதனையிலும் நோய் காணப்படாதவர்களுக்கு மாற்று தேவையா என்பதை அமெரிக்காவில் நடந்த மற்றோர் ஆய்வு சோதித்தது. 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட முடிவில், மாற்றும் ரிட்டுக்ஸிமாப்பும் பெற்றவர்களில் 82.1 விழுக்காட்டினரும், ரிட்டுக்ஸிமாப் மட்டும் பெற்றவர்களில் 82.7 விழுக்காட்டினரும் மூன்றாண்டுகள் உயிர்வாழ்ந்தனர். வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம்.

விதிவிலக்கானவர்கள்

'டிபி53' என்னும் காப்பு மரபணுவில் பிறழ்வு உள்ளவர்களுக்கு வேதிமருந்தும் மாற்றும் நீடித்த பலன் தருவதில்லை. இவர்களுக்கு ஜானுப்ரூட்டினிப், ஒபினுட்டுஸுமாப், வெனிடோக்ளாக்ஸ் ஆகிய மூன்றையும் வேதிமருந்து இன்றித் தந்த ஒரு சிறு ஆய்வில், 25 பேரில் 72 விழுக்காட்டினர் இரண்டாண்டுகள் நோய் முற்றாமல் வாழ்ந்தனர். எனவே சிகிச்சை தொடங்கும் முன்பே இம்மரபணுவைச் சோதிப்பது அவசியம்.

ஒப்பீட்டின் பயன்

இருபது ஆண்டுகளுக்கு முன் மாற்றைத் தாங்கக்கூடிய ஒவ்வொருவருக்கும் அதுவே சிறந்த வழி எனக் கருதப்பட்டது. இன்று 'தாங்க முடியுமா?' என்ற கேள்வியுடன் 'தேவையா?' என்ற கேள்வியும் சேர்ந்துள்ளது. ஆனால் இந்நோய் பல ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடியது என்பதால், மூன்றாண்டு முடிவுகளை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. விலையுயர்ந்த மாத்திரைகளைத் தொடர்ந்து பெற இயலாதவர்களுக்கும், நுண்சோதனை வசதி இல்லாத இடங்களிலும் குருத்தணு மாற்று இன்றும் பயனுள்ள வழியே. நோயாளி மரபணுச் சோதனை முடிவு, இதய நிலை, செலவு ஆகியவற்றை இரத்தப் புற்றுநோய் மருத்துவருடன் பேசித் தெளிந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.