சீவுளி யந்திர அலகும் கூர்ப்புக் கோணமும்

கூர் என்பது இரு பரப்புகள் கூடுமிடத்துத் தோன்றும் ஒரு கோடு. பரப்புகள் செப்பமாயின் கோடும் செப்பமாகும். அவற்றுள் ஒன்று கரடாயினும் கூர் கரடே. கைச் சீவுளிக்கும், மின்விசையாற் சுழலும் சீவுளி யந்திரத்துக்கும் இவ்விதி பொதுவாம். ஆயினும், யந்திர அலகை எக்கோணத்தில் தீட்டுவது என்ற வினா எழும்போது, கோணத்தைக் குறைத்தால் மரம் எளிதில் வெட்டுப்படும் என்றே பலரும் விடையிறுப்பர். இவ்விடை ஆராயத்தக்கது.

கைச் சீவுளியை முதற்கண் நோக்குக. அதன் அலகு பெரும்பாலும் 45 பாகைச் சரிவில், சாய்முகம் கீழ்நோக்கியிருக்கப் பொருத்தப்பட்டுள்ளது. சாய்முகத்தை 25 பாகையில் தீட்டினும் 30 பாகையில் தீட்டினும், மரத்தைப் பிளந்து செல்வது மேலுள்ள தட்டைமுகமே யாதலின், வெட்டுங் கோணம் 45 பாகையாகவே நிற்கும். மாறுவன இரண்டே: அலகின் வலிமை, சாய்முகத்துக்கும் மரத்துக்கும் இடையே எஞ்சும் இடைவெளி. 30 பாகையில் தீட்டிய அலகுக்கு அவ்விடைவெளி 15 பாகையாகும்.

யந்திரத்திலும் நிலைமை இதுவே. வெட்டுருளையிற் பொருத்திய அலகின் தட்டைமுகம் சுழலுந் திசையை நோக்க, சாய்முகம் பின்புறமாக அமையும். உருளையைச் செய்தவன் அலகுக்குரிய தவாளிப்பை வெட்டியபோதே வெட்டுங் கோணத்தை வகுத்துவிட்டான். தீட்டுவோன் கையில் எஞ்சுவன வலிமையும் இடைவெளியுமே. சாய்முகத்தின் கோணம் மிகக் குறைந்தால் கூர் மெலிந்து, கணுவிற் பட்டவுடன் பொரிந்து உதிரும். மிகப் பெருகினாலோ இடைவெளி ஒடுங்கிச் சாய்முகம் மரத்தை உராயும். ஆதலினாற்றான் இவ்வலகுகள் 30 முதல் 40 பாகைக்குள் தீட்டப்படுகின்றன.

கோணத்தை அளக்கக் கோணமானியும் வேண்டியதில்லை. திரிகோண கணிதமே போதும். அலகின் தடிப்பைக் கோணத்தின் சைனால் வகுக்கச் சாய்முகத்தின் அகலம் கிடைக்கும். 3 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள அலகுக்கு 30 பாகையில் அகலம் 6 மில்லிமீற்றர். 35 பாகையில் 5.2, 40 பாகையில் 4.7. வகுப்பறையிற் பயனற்றதென மாணவர் சலித்துக்கொள்ளும் சைன் அட்டவணை தச்சுப் பட்டறையில் இவ்வாறு உதவுகின்றது.

அலகை வெறுங்கையாற் பிடித்துக் கல்லில் ஓட்டுவோனின் மணிக்கட்டு, அவனறியாமலே ஊசலாடும். சாய்முகம் புடைத்து, கூரின் கோணம் பெருகிவிடும். இதனைத் தவிர்க்க, வன்மரக் கட்டையொன்றின் அடிப்பரப்பில், வேண்டிய கோணத்தில், ஒன்றுக்கொன்று எதிர்ச்சாய்வாக இரு வாள்வெட்டுகளை இட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் அலகை இறுகச் செருகவேண்டும். இரு சாய்முகங்களும் இரு பாதங்கள்போல் நிலத்தில் ஊன்றி நிற்க, கட்டை ஆடாது. தடித்த கண்ணாடித் தகட்டில் ஒட்டிய மணற்றாளில் முதலிற் கரடானதும் பின்னர் நேரியதுமாக உரைத்து, இறுதியில் எண்ணெய்க்கல்லில் முடிக்கலாம். தொடங்குமுன் சாய்முகத்தில் மை பூசிவிடுதல் நன்று. நாலைந்து இழுப்பின் பின் மை எங்கும் ஒருசீராக அழிந்திருப்பின் கோணம் சரி. கூரோரத்தில் மட்டும் அழிந்திருப்பின் அலகு அதிகம் நிமிர்ந்துள்ளது. கூர் நெடுகிலும் மறுபுறத்தில் மெல்லிய பிசிர் திரண்டதும், தட்டைமுகத்தைக் கல்லிற் படியவைத்து அப்பிசிரை நீக்கவேண்டும். பலர் இவ்விடத்திலே அலகைச் சற்று உயர்த்தி விடுகின்றனர். அது தவறு.

ஆனால் அதனை வேண்டுமென்றே செய்யும் சந்தர்ப்பமும் ஒன்றுண்டு. முதிரை போன்ற மரங்களில் நாரோட்டம் அடுக்குக்கு அடுக்கு எதிர்த்திசையிற் சாய்ந்திருக்கும். எப்பக்கமாகச் செலுத்தினும் எங்கேனும் நார் பிய்ந்து குழிவிழும். அப்போது தட்டைமுகத்தின் கூரோரத்தில் 10 பாகையளவு சிறு சரிவொன்று தீட்டினால், அலகு மரத்தைக் கிளப்பாது சுரண்டுவதுபோல வெட்டும். தீட்டுவோன் வெட்டுங் கோணத்தை மாற்றக்கூடிய வழி இஃதொன்றே. யந்திரத்துக்கு வலு அதிகம் வேண்டும். மென்மரத்துக்கு மீளவேண்டின் அச்சரிவு முழுவதையும் தேய்த்தகற்ற வேண்டும். ஆதலின் முதிரைக்கென அலகுத் தொகுதியொன்றைத் தனியே வைத்திருத்தல் உத்தமம்.

மூன்று அலகுகளையும் சம அளவிற் தேய்த்தல் வேண்டும். நிமிடத்துக்கு 5,000 முறை சுழலும் உருளையில் நிறை வேறுபாடு அதிர்வாக வெளிப்படும். மரம் நிமிடத்துக்கு 6 மீற்றர் வீதம் செல்லின், மூன்று அலகும் வெட்டும்போது வெட்டுத்தடங்கள் 0.4 மில்லிமீற்றர் இடைவெளியில் அமையும். ஓரலகு சிறிது உயர்ந்து நின்றாலோ, அதன் தடமே 1.2 மில்லிமீற்றர் இடைவெளியில் எஞ்சும். மற்ற இரண்டையும் தீட்டிய உழைப்பு வீண். மழுங்கிய அலகின் கேடு இதனினும் பெரிது. அது மரத்தை வெட்டாமல் உதைத்துத் தள்ள, மரத்தை அழுத்திய கை உருளையின்மேல் விழும்.

மீளப் பொருத்துமுன் மின்னிணைப்பைக் கழற்றிவிடவேண்டும். பின்பு நேரான மரச்சட்டமொன்றைப் பின்மேசையில் உருளைக்கு மேலாக நீட்டி வைத்து, உருளையைக் கையால் மெல்லத் திருப்புக. கூர் சட்டத்தைத் தொட்டுச் சிறிது தூரம் இழுத்துச் செல்லும். முதலலகு 3 மில்லிமீற்றர் இழுத்ததாயின், ஏனைய இரண்டும், இரு முனைகளிலும், அவ்வளவே இழுக்கும்வரை திருகாணிகளை முற்றாக இறுக்கலாகாது.