அயல் தாவரங்களும் கைவிடப்பட்ட நிலமும்

சிங்கப்பூரில் மரங்கள் அடர்ந்த இடமெல்லாம் பழங்காடு என்று கருதுவோர் உளர். பழங்காடு புக்கிட் தீமாவிலும் மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் சிறு துண்டுகளாகவே எஞ்சியுள்ளது. ஏனைய பசுமையில் பெரும்பகுதி, மனிதர் உழுது கைவிட்ட நிலத்தில் பின்னர் எழுந்தது. அந்நிலத்தில் எத்தாவரம் வேரூன்றும் என்பதைத் தீர்மானிப்பது எது?

19ஆம் நூற்றாண்டில் கம்பீர், மிளகுத் தோட்டங்களுக்காகக் காடு அழிக்கப்பட்டது. கம்பீர் இலையைக் காய்ச்ச வேண்டிய விறகுக்கும் காடே இரையாயிற்று. சில ஆண்டுகளில் மண் வளமிழக்கவே, தோட்டக்காரர் வேறிடம் பெயர்ந்தனர். 1877இல் பிரேசிலைத் தாயகமாகக் கொண்ட ரப்பரின் 22 கன்றுகள் இங்கு வந்து சேர்ந்தன. தோட்டப்புறத் தமிழர் பால்மரம் என்றழைத்தது இதனையே. நம் முன்னோர் பலர் மலாயாவுக்கு வந்ததும் அதன் பொருட்டே. தாவரவியல் பேசுகையில் 'வந்தேறி' என்னும் சொல்லை நான் தவிர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 'அயல் தாவரம்' என்பதே போதும்.

வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. மண் மிகவும் வளமிழந்து அமிலத்தன்மை ஏறிய இடங்களில் அயல் தாவரங்கள் பெரும்பாலும் நுழையவில்லை. வறிய மண்ணைத் தாங்கவல்ல 'தியூப் தியூப்' என்னும் உள்நாட்டு மரமே அங்குத் தழைத்தது. மண்ணைப் புரட்டிப் போட்ட வெளிகளிலும் பழைய தோட்டங்களிலும் நிலை வேறு. மொலுக்கத் தீவுகளின் அல்பீசியா, வேர்வாழ் பாக்டீரியாவின் துணையால் காற்றின் நைட்ரஜனைப் பெற்று விரைந்து வளரும். ரப்பர்க் காய் வெடித்து விதைகளைத் தொலைவில் எறியும்; கைவிட்ட தோட்டம் தானே மீண்டும் ரப்பர்க் காடாகும்.

அடர்ந்த பழங்காட்டினுள் ஒளி குறைவாதலால் அயல் தாவரங்களுள் மிகச் சிலவே நுழைகின்றன. அமெரிக்க வெப்பமண்டலத்தின் கிளிடேமியா அவற்றுள் ஒன்று. நிழலைப் பொறுக்கும் இப்புதரின் கருநீலக் கனிகளைப் பறவைகள் உண்டு விதைகளைப் பரப்புகின்றன. பெருமரம் விழுந்து திறந்த இடங்களில் இது செழிக்கும்.

அப்படியாயின் அயல் மரங்களை ஒருங்கே வெட்டிவிடலாமே எனின், அதுவும் எளிதன்று. அல்பீசியாவின் நிழலில் உள்நாட்டுக் கன்றுகள் பல முளைத்து வளர்கின்றன. மேல்நிழலை ஒரே நாளில் நீக்கினால், உட்புகும் வெயிலில் அக்கன்றுகளை முந்தி ஆப்பிரிக்காவின் சான்சிபார் வள்ளிக்கொடி போன்றவை படரும். கன்றுகள் உயரும் வரை காத்திருந்து, கொடிகளை மட்டும் களைந்து, அயல் மரங்களைச் சிறிது சிறிதாக அகற்றுவதே தக்க வழி. அதற்குப் பல்லாண்டு ஆகும்.