தகடு இழந்த வண்டிகள்

பழைய மோட்டார் வண்டியின் வரலாறு அறிந்தோர், வண்டி வாங்கப் போனால் முதலில் அதன் பளபளப்பைப் பார்ப்பதில்லை. பொனற்றைத் திறந்து, எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புச் சுவரில் உள்ளங்கையினும் சிறிய ஓர் உலோகத் தகடு இருக்கின்றதா என்று தேடுவர். தொழிற்சாலையில் வண்டி பிறந்த நாளில் அதற்கு இடப்பட்ட பெயர் அத்தகட்டிலேதான் உண்டு. மன்னார்த் தீவிலும் பெருநிலத்திலும் இன்று எஞ்சியுள்ள மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வண்டிகள் சிலவற்றில் அது இருந்த இடத்தில் இரண்டு திருகாணித் துளைகளே காணப்படுகின்றன. அவ்விழப்பு எத்தகையது என்பதையே ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வகுத்தது. 1950களின் நடுப்பகுதியில் வெளிவந்த மைனர் வண்டியின் தகட்டில் ‘எஃப் பி ஏ 2’ என்று தொடங்கும் குறியீடு இருந்தால் அதனை ஒரு வாக்கியம் போலப் படிக்கலாம். ‘எஃப்’ என்றால் மைனர். ‘பி’ என்றால் இரு கதவு. ‘ஏ’ என்றால் கறுப்பு நிறம். ‘2’ என்றால் வலப்பக்கம் இருந்து ஓட்டும் ஏற்றுமதி வண்டி. பாகங்களாக அனுப்பி வேறொரு நாட்டிற் பூட்டுவதற்கான வலப்பக்க வண்டியாயின் அவ்விடத்தில் ‘5’ நிற்கும். அடுத்த இலக்கம் பூசப்பட்ட வர்ணத்தின் வகை. அதன் பின்னர் வருவதே அவ்வண்டிக்கு மட்டும் உரிய தொடர் இலக்கம். இன்று நீலமாக நிற்கும் வண்டி பிறவியிற் கறுப்பன் என்பதைச் சொல்ல இதனிலும் நம்பத்தக்க சாட்சி இல்லை.

வெளியே தொங்கும் பதிவிலக்கத் தகடு வேறு, இது வேறு. வெளித்தகடு அரசாங்கத்தின் ஆணைக்கு ஏற்ப மாறுவது. 1957இல் சிங்கள ஸ்ரீ எழுத்து அதில் ஏறியதும், வடக்கில் அதனைத் தமிழ் எழுத்தாக மாற்றிக்கொண்டு வண்டிகள் ஓடியதும், 1958இல் அவ்வெழுத்தின் பொருட்டுத் தார் பூசப்பட்டதும் நம் மூத்த பழைய மாணவர் கண்ட வரலாறு. அந்தப் பூசலிலும் பொனற்றின் அடியிலிருந்த சிறு தகட்டை ஒருவரும் தொடவில்லை.

பின் அது எவ்வாறு தொலைந்தது? பாதிக் குற்றம் கடற்காற்றினது. அலுமினியத் தகட்டை இரும்புத் திருகாணியால் முடுக்கி, இரண்டின் இடையே உப்பீரம் புகுந்தால், முதலில் அரிபடுவது அலுமினியமே. பேசாலையிலும் தலைமன்னாரிலும் காற்று எத்தகையது என்று நாம் சொல்லத் தேவையில்லை. மீதிப் பாதி பெயின்ற் அடிப்பவருடையது. தகட்டைச் சுற்றி வர்ணம் பூசுவது தொல்லையென்று கழற்றித் தகரப் பேணியிற் போடுவார். வேலை முடிந்து வண்டி போய்விடும், பேணி கராஜிலேயே நிற்கும்!

யுத்த காலத்து இழப்பு இவற்றினும் பெரிது. 1960களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் இப்பழைய வண்டிகள் முன்னரே நீண்ட ஆயுள் பெற்றிருந்தன. 1990இற்குப் பின் வடக்கிற்கு எரிபொருள் தடைப்பட்டபோது, எஞ்சினின் அமுக்க விகிதம் குறைவாயிருந்தமையால், அவை மண்ணெண்ணெயிலும் ஓடின. சில துளி பெற்றோலை வார்த்து எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். புகைக்கும் நாற்றத்துக்கும் குறைவில்லை. ஆயினும் நோயாளி வைத்தியசாலை போய்ச் சேர்ந்தார். மண்ணெண்ணெயால் தேய்ந்த எஞ்சினுக்குப் பதிலாக வேறொரு வண்டியின் எஞ்சினைப் பூட்டுவதும் வழக்கமாயிற்று. மைனரின் எஞ்சின் இலக்கமும் எஞ்சினில் அறையப்பட்ட ஒரு சிறு தகட்டிலேயே உண்டு. எனவே எஞ்சின் மாறியபோது வண்டியின் இரண்டாவது சாட்சியும் இடம் மாறிற்று.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளின் கட்டளையால் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் வீடு வாசலை விட்டுக் கடல் வழியே கற்பிட்டிக்குப் போயினர். தமிழ் மக்கள் பலர் இராமேசுவரத்துக்குப் படகேறினர். 2007இலும் 2008இலும் பெருநிலத்து ஊர்கள் வெறுமையாயின. படகில் ஏறுபவர் காரைக் கொண்டுபோக இயலாது. பதிவுப் புத்தகத்தை மடியிற் கட்டிக்கொண்டு போகலாம். அவ்வாறு போனவர் பல்லாண்டு கழித்துத் திரும்பும்போது கையிலுள்ளது ஓர் இலக்கம். எதிரே நிற்பது இலக்கமற்ற ஒரு வண்டி. இரண்டையும் இணைக்க வேண்டிய தகடு இல்லையெனின், ‘இது எங்கள் அப்பாவின் கார்’ என்பது வெறும் வாய்ச்சொல்லாகவே நிற்கும். மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவும் சேசிஸ் இலக்கம், எஞ்சின் இலக்கம் ஆகியவற்றையே பற்றி நிற்கின்றது. இருக்கையின் கிழிசலையும் கதவின் நெளிவையும் பிள்ளைகள் நினைவு வைத்திருப்பர். அவை பதிவேட்டில் இல்லை.

இதே இழப்பு அமெரிக்காவில் வேறு முகம் காட்டுகின்றது. 1964இன் பொன்ரியாக் ஜீ.ரீ.ஓ. முதலாக ‘மசில் கார்’ என அங்கே வழங்கும் பெருவலு வண்டிகளுக்கு இன்று பெருவிலை. கிரைஸ்லர் வண்டிகளில் முன்சில்லு மூடியின் உட்புறத்தே, எஞ்சின், கியர்ப்பெட்டி, நிறம், உட்புற அலங்காரம் யாவும் குறித்த ஒரு தகடு திருகப்பட்டிருக்கும். அது காணாமற்போனால் ஆசனத்தின் சுருள்வில்லிடையே தொழிலாளர் செருகிவிட்ட கட்டுமானத் தாளைத் தேடுவர். எலி விட்டுவைத்திருந்தால் கிடைக்கும். ஆயினும் 1968 முதல் வண்டியின் தனி இலக்கம் முன்கண்ணாடி வழியே தெரியுமாறு வேறிடத்தில் உள்ளமையால், அங்கே தகடு போனால் பெரும்பாலும் விலையே குறையும். இங்கேயோ உரிமையே ஐயத்துக்கு உள்ளாகின்றது.

புதுத் தகடு அடித்துப் பூட்டினால் என்ன என்று கேட்பவர் உளர். அமெரிக்காவில் அத்தகைய போலித் தகடுகள் ஒரு வாணிபமாகவே நடக்கின்றன. எமது கருத்தில், வெற்றுத் துளைகளோடு நிற்கும் வண்டி அதனினும் மேலானது. தகடு இல்லை என்ற அளவிலாவது அது உண்மை பேசுகின்றது. பழைய இலக்கத்தைப் புதுத் தகட்டிற் பொறிப்பவர், நல்லெண்ணத்தோடு செய்தாலும், களவு வண்டிக்காரன் செய்வதையே செய்கின்றார். பார்ப்பவருக்கு இருவரையும் பிரித்தறிய வழியில்லை.

தகடு இன்னும் உள்ள வண்டியை வைத்திருப்போர் அதன்மேல் மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்து, நிழற்படமும் பிடித்து, பதிவுப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளல் நன்று. பெயின்ற் அடிக்குமுன் தகட்டைத் தாமே கழற்றி வீட்டில் வைத்து, பின்னர் திருகாணிக்குச் சிறிது கிறீஸ் தடவித் தாமே பூட்டலாம். தகடு போய்விட்டாலும் இலக்கம் எங்கேனும் எழுதப்பட்டிருந்தால் இங்கிலாந்தின் கேடன் கிராமத்திலுள்ள பிரித்தானிய மோட்டார் நூதனசாலைக்கு எழுதலாம். மொறிஸ், ஒஸ்ரின் தொழிற்சாலைகளின் உற்பத்திப் பதிவேடுகள் பல அங்கே பேணப்படுகின்றன. கட்டணம் செலுத்தினால், பதிவு உள்ள வண்டிக்கு அது கட்டப்பட்ட நாள், முதல் நிறம், முதல் எஞ்சின் இலக்கம் ஆகியவற்றைக் குறித்துச் சான்றிதழ் தருவர். அவர்கள் முதலிற் கேட்பதும் வண்டியின் இலக்கத்தையே; ஆகவே தாத்தாவின் தகரப் பெட்டியில் கிடக்கும் செல்லரித்த பதிவுப் புத்தகத்தைப் பழைய கடதாசியோடு சேர்த்து எரித்துவிட வேண்டாம்.