நகல் எடுத்தாயிற்று, முடிந்ததா என்று பார்த்தீர்களா?



கடையைப் பூட்டியபின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது நம் எல்லோருக்கும் உள்ள வழக்கம். நம் கையாலேயே பூட்டியிருந்தாலும் இழுத்துப் பார்க்காமல் படியிறங்க மாட்டோம். ஆனால் கல்லாவில் இருப்பதைவிடப் பெரிய தொகை நமக்குக் கடன் பாக்கியில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கு இன்று கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதற்கு நகல் எடுக்கிறோம்; அந்த நகல் முழுமையாக முடிந்ததா என்று மட்டும் இழுத்துப் பார்ப்பதில்லை. எங்களுக்கு நேர்ந்தது மற்றவர்களுக்கு நேரக்கூடாது என்றே இதை எழுதுகிறோம்.

எங்கள் மளிகை மொத்தக் கடையில் மூன்று கம்ப்யூட்டர்கள். பில் மேசையில் ஒன்று, வசூல் வரவு வைக்கக் கணக்கறையில் ஒன்று, சரக்கு இருப்புக்குக் கிட்டங்கியில் ஒன்று. இரவு ஒன்பது மணிக்கு மூன்றின் கணக்கும் கணக்கறையில் உள்ள ஒரு தனி ஹார்டு டிஸ்கில் நகலாகும்படி ஏற்பாடு செய்திருந்தோம். திரையில் பச்சைக் கோடு ஓடும். அது ஓடத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

2019 ஐப்பசி மழையில் ஒரு நாள் இடி விழுந்து கணக்கறைக் கம்ப்யூட்டர் கருகிப் போயிற்று. நகல் இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். டிஸ்கைத் திறந்து பார்த்தபோது, கிட்டங்கி நகல் முந்தின நாள்வரை சரியாக இருந்தது. பில் நகல் சில நாட்களுக்கு இருந்தது, சில நாட்களுக்கு இல்லை. வசூல் நகலோ நான்கு மாதங்களுக்கு முன்பே நின்றிருந்தது.

காரணத்தைத் தேடினோம். வசூல் நகல் தினமும் புதிதாகச் சேர்ந்து சேர்ந்து டிஸ்க் நிரம்பிவிட்டது. இடமில்லை என்று ஒவ்வொரு இரவும் திரையில் அறிவிப்பு வந்திருக்கிறது. கணக்கெழுதும் தம்பி ‘சரி’ என்ற பொத்தானை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார். அதன் பொருளை நாங்கள் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஆகவே குற்றம் எங்களுடையதே. பில் மேசையிலோ, கோடு முடியும் முன்பே சுவிட்சை அணைத்துவிட்டார்கள்.

பில்கள் கிடைத்தன. வரித் தளத்தில் ஏற்றிய விவரமும் இருந்தது. ஆனால் யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதை வரித் தளம் வைத்திருக்காது. வங்கி மூலம் வந்தது தெரிந்தது, ரொக்கமாக வந்தது தெரியவில்லை. கையால் எழுதும் ரசீதுப் புத்தகத்தையும் முந்தைய ஆண்டே நிறுத்தியிருந்தோம். கடைசியில் ஊர் ஊராக, கடை கடையாகப் போய் நின்றோம். ஒரு சில்லறை வியாபாரி தம் சிட்டை நோட்டை எடுத்து வைத்து, “அண்ணாச்சி, உங்க கம்ப்யூட்டர் மறந்தாலும் என் நோட்டு மறக்காது” என்றார். அப்படிப்பட்டவர்களால்தான் பெரும்பகுதி மீண்டது. கணக்கு ஒத்துவராத சில இடங்களில், தலைமுறைப் பழக்கத்தை முறிக்க மனமின்றித் தள்ளுபடி எழுதினோம்.

இது சிறு கடைகளுக்கு மட்டும் வரும் தவறல்ல. கிட்லேப் என்ற பெரிய மென்பொருள் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று பணியாளர் ஒருவர் தவறுதலாக முக்கியத் தரவுத் தொகுப்பை அழித்துவிட்டார். அவர்களிடம் நகலுக்குப் பல ஏற்பாடுகள் இருந்தன. அவற்றில் முக்கியமான ஒன்று, பதிப்பு பொருந்தாததால் வேலையே செய்யாமல் இருந்தது. அது குறித்த எச்சரிக்கை மின்னஞ்சல்களும் உரியவர்களைச் சென்று சேரவில்லை. வேறொரு தேவைக்காகச் சுமார் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகல் தற்செயலாகக் கைகொடுத்தது. இதை அந்த நிறுவனமே வெளிப்படையாக அறிவித்தது.

பச்சைக் கோட்டை ஏன் நம்பக்கூடாது? அது ஒரு மதிப்பீடுதான். தொண்ணூறு சதவீதம் வரை விரைவாக ஓடி, மீதிப் பத்தில் வெகுநேரம் நிற்கும். பில் போடும் மென்பொருள் திறந்திருந்தால் அந்தக் கோப்பை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் நகலெடுத்து முடிப்பதும் உண்டு. கோடு நிறைந்திருக்கும், கணக்கு இருக்காது. ஆகவே மென்பொருளை மூடிய பின்பே நகல் எடுக்க வேண்டும்.

இப்போது எங்கள் கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று உண்டு. தேதி, எந்தக் கம்ப்யூட்டர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நகலின் அளவு, டிஸ்கில் மீதமுள்ள இடம், கையெழுத்து. தினம் மூன்று வரி. ஐந்து நிமிட வேலை. இதில் அளவுதான் உயிர். வியாபாரம் நடந்த நாளில் அளவு நேற்றுப்போலவே இருந்தால் சந்தேகப்பட வேண்டும்; திடீரெனக் குறைந்தால் அன்றிரவே பார்க்க வேண்டும். ஒரு வரி காலியாக இருந்தால் மறுநாள் காலை முதல் வேலை அதுதான்.

மாதம் ஒருமுறை நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, ஏதாவது ஒரு நாளின் விற்பனைத் தொகையையும் ஐந்து வாடிக்கையாளரின் பாக்கியையும் ஒத்துப் பார்க்கிறோம். திறந்து பார்க்காத நகல், உரசிப் பார்க்காத நகை.

டிஸ்க் எப்போதும் கம்ப்யூட்டரிலேயே செருகியிருக்கக்கூடாது. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை போன்ற பணம் பறிக்கும் வைரஸ்கள் நுழைந்தால், செருகியிருக்கும் டிஸ்கையும் சேர்த்துப் பூட்டிவிடக்கூடும். வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். தீக்கும் வெள்ளத்துக்கும் பயந்து, இன்னொரு நகலை வீட்டில் வைக்கிறோம்.

சட்டமும் இதைக் கேட்கிறது. மத்திய ஜி.எஸ்.டி. விதிகள், 2017-இன் 57-ஆம் விதி, விபத்தாலோ இயற்கைக் காரணத்தாலோ மின்னணுப் பதிவுகள் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி நகல் வைக்கச் சொல்கிறது. கணக்குகளையோ, ஆண்டறிக்கைக்குரிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்க வேண்டும்.

அன்பர்களே, இதைப் படித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். இன்றிரவு கடை அடைக்கும் முன் உங்கள் நகலைத் திறந்து, கடைசியாகப் பதிவான தேதியைப் பாருங்கள். நேற்றைய தேதி இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். இல்லையென்றால், இடி விழுமுன் தெரிந்துகொண்டீர்கள் என்று மகிழுங்கள்.