விளையாட்டிலேயே கணக்கு வந்துவிடுமா? பல்லாங்குழியும் பாம்பு ஏணியும் சொல்லும் பதில்

‘ஏழும் அஞ்சும் எவ்ளோ?’ என்று கேட்டால், விரலை மடக்கி மடக்கி எண்ணும் குழந்தைகள் பல வீடுகளில் உண்டு. உடனே டியூஷன், ஆப், ஃபிளாஷ் கார்டு என்று தேட ஆரம்பித்துவிடுகிறோம். இன்னொரு பக்கம், ‘விளையாட்டா சொல்லிக் குடுங்க, தானா வந்துடும்’ என்று ஓர் அறிவுரை. உண்மையிலேயே தானாக வந்துவிடுமா?

சென்னைக்கு இது புதுசு இல்லை

பாலவாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் அடையாறுக்கு 1939-ல் வந்தவர் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி. பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய முறையில் எண்களைக் கையால் தொடலாம்: ஒன்றுக்கு ஒரு மணி, பத்துக்கு ஒரு கோல், நூறுக்கு ஒரு சதுரம், ஆயிரத்துக்கு ஒரு கனசதுரம்.

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிறகு அது தமிழகம் முழுக்க அரசுப் பள்ளிகளுக்குப் போனது. கொரோனா கால கற்றல் இழப்பைச் சரிசெய்ய, 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகளாகப் பிரித்து, பாட்டு, பொம்மை, விளையாட்டு மூலம் பாடம் நடத்துகிறார்கள்.

விளையாட்டு மட்டும் போதுமா?

இங்கேதான் ஒரு சிக்கல். டெல்லியில் ‘பிரதம்’ அமைப்பின் 214 மழலையர் மையங்களில் சுமார் 1,500 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. எஸ்தர் டஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்டோர் 2017-ல் அதை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். நான்கு மாதம் கணித விளையாட்டு ஆடிய குழந்தைகளுக்கு, ‘எந்தக் கூட்டத்தில் அதிகப் புள்ளி?’ என்று பார்த்தவுடன் சொல்லும் திறன் கூடியது. ஒரு வருடத்துக்குப் பிறகும் அது குறையவில்லை. ஆனால் ஒன்றாம் வகுப்பில் எண்களை எழுதிப் போடும் கணக்கில் அவர்கள் மற்றவர்களைவிட முந்தவில்லை.

ஏன்? அந்த விளையாட்டுகள் அளவைக் கற்றுக்கொடுத்தன. அந்த அளவுக்கும் ‘7’, ‘+’ போன்ற குறிகளுக்கும் நடுவே பாலம் போடவில்லை. 2025-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வும் இதையே வேறு விதமாகக் காட்டியது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் கணக்கு பார்த்துச் சில்லறை கொடுக்கும் குழந்தைகள் பாடப்புத்தகக் கணக்கில் திணறினார்கள். புத்தகக் கணக்கு தெரிந்த பள்ளிக் குழந்தைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள்.

பாலம் போடுவது எப்படி?

பாம்பு ஏணி: காய் 27-ல் நிற்கிறது, தாயக்கட்டையில் 3 விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ என்று நகர்த்தாமல், ‘இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது’ என்று கட்டத்தில் இருக்கும் எண்ணை வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். எண்கள் பற்றிய புரிதலுக்கு இந்த முறையே அதிகம் உதவுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் எலிடா லாஸ்கி, ராபர்ட் சீக்லர் கண்டறிந்தார்கள். அதே பலகை, அதே ஆட்டம். எண்ணும் விதம் மட்டும் மாறுகிறது.

கிளிஞ்சல் ஒளித்தல்: சாயங்காலம் பாலவாக்கம் பீச்சுக்குப் போனால் பத்து கிளிஞ்சல் பொறுக்கி வாருங்கள். சிலவற்றைக் கையில் மறைத்து, ‘வெளியே ஆறு இருக்கு, உள்ளே எத்தனை?’ என்று கேளுங்கள். பதில் வந்ததும் 6 + 4 = 10 என்று குழந்தையே எழுதட்டும். பத்தின் ஜோடிகள் கைக்கு வந்துவிட்டால் 7 + 5 கஷ்டமில்லை. ஐந்திலிருந்து மூன்றை எடுத்து ஏழைப் பத்தாக்கு, மிச்சம் ரெண்டு, ஆக, பன்னிரண்டு.

பல்லாங்குழி: 14 குழி, குழிக்கு 5 வீதம் போட்டால் 70 காய். ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் 4 சேர்ந்தால் ‘பசு’. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த காய்களை நான்கு நான்காக அடுக்கி, எத்தனை அடுக்கு என்று எழுதச் சொல்லுங்கள். நாலாம் வாய்ப்பாடு கண்ணெதிரே நிற்கும். குன்றிமணி மட்டும் வேண்டாம், அது விஷம். புளியங்கொட்டை போதும். வாயில் போடும் வயசுக் குழந்தை வீட்டில் இருந்தால் இந்த மாதிரி சின்னப் பொருட்களை எடுத்து வைத்துவிடுங்கள்.

தாயம்: இரண்டு கட்டைகளிலும் 0, 1, 2, 3 என்ற நான்கு முகங்கள். உருட்டியதும் கூட்டித்தான் காயை நகர்த்த வேண்டும். இரண்டும் 3 என்றால் 6. இரண்டும் வெறும் முகம் என்றால் மட்டும் பன்னிரண்டு. அந்த விதிவிலக்கைக் குழந்தைகள் மறக்கவே மாட்டார்கள்.

எவ்வளவு நேரம்?

தினமும் பதினைந்து நிமிடம் போதும். சீக்லர், கீதா ராமானி 2008-ல் நடத்திய ஆய்வில், 1 முதல் 10 வரை எண் போட்ட எளிய பலகையை இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் சுமார் பதினைந்து நிமிடம் ஆடிய மழலையருக்கே எண்ணறிவு கூடியது. எண்ணுக்குப் பதிலாக வெறும் நிறம் போட்ட பலகையில் ஆடியவர்களுக்கு அப்படிக் கூடவில்லை.

ஆக, விளையாட்டை மட்டும் நம்பி விட்டுவிடவும் வேண்டாம், ‘டைம் வேஸ்ட்’ என்று ஒதுக்கவும் வேண்டாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு இடத்திலாவது எண்ணைச் சொல்ல வையுங்கள், ஒரு வரியாவது எழுத வையுங்கள். தப்பாகச் சொன்னால் உடனே திருத்தாமல், ‘எப்படிக் கண்டுபிடிச்ச?’ என்று கேளுங்கள். பாலத்தில் எந்தப் பலகை பெயர்ந்திருக்கிறது என்று அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.