சொல்வடிவக் காட்சிப் பகுதி

சொல்வடிவக் காட்சிப் பகுதி என்பது எழுதப்பட்ட சொற்களைக் கண்டவுடன் இனங்காண உதவும் மூளைப் பகுதி ஆகும். இது பெருமூளையின் இடது அரைக்கோளத்தின் அடிப்பரப்பில், பார்வைக்குரிய பிடரி மடலும் காதருகே உள்ள பொட்டு மடலும் சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ளது. 2000 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஆய்வாளர்களான லோரன் கோஹன், ஸ்தனிஸ்லாஸ் டெஹேன் முதலியோர் இதனை இப்பெயரால் குறிப்பிட்டனர்.

வாசிப்பை இழந்த வணிகர்

இப்பகுதிக்குப் பெயர் இடப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே அதன் பணி குறித்த சான்று கிடைத்திருந்தது. 1887 அக்டோபரில் பாரிசைச் சேர்ந்த, நன்கு கற்ற வணிகர் ஒருவர், தம்மால் ஒரு சொல்லைக்கூட வாசிக்க இயலவில்லை என்பதை உணர்ந்தார். கண்ணில் கோளாறு எனக் கருதி முதலில் கண் மருத்துவரிடமே சென்றார். பின்னர் நரம்பியல் மருத்துவர் ஜூல் தெஜெரின் அவரை ஆராய்ந்தார். வலப்புறப் பார்வை குன்றியிருந்தது. எனினும் பேச்சில் தடையில்லை. பொருட்களையும் எண்களையும் அறிந்து கூறினார். பிறர் சொல்லச் சொல்ல எழுதினார். ஆனால் தாம் எழுதியதையே பின்னர் வாசிக்க இயலவில்லை. எழுத்தின் வரிவடிவைக் கையால் வரைந்து பார்த்தால் மட்டும் அது எவ்வெழுத்து எனக் கூறிவிடுவார். மொழியறிவு அப்படியே இருக்க, கண்ணிலிருந்து அதற்குச் செல்லும் வழி மட்டும் அடைபட்டிருந்தது.

1892 சனவரியில் மீண்டும் ஏற்பட்ட பக்கவாதத்தால் எழுதும் திறனையும் இழந்து, சில நாட்களில் இறந்தார். பிணக்கூறாய்வில் இடது பிடரி மடலில் பழைய சிதைவு காணப்பட்டது. இந்நிலை தூய வாசிப்பிழப்பு எனப்படுகின்றது.

கற்றலும் மூளையும்

எழுத்துமுறைகள் தோன்றி ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன. வாசிப்புக்கென ஒரு மூளைப் பகுதி படிவளர்ச்சியில் தோன்ற இக்காலம் போதாது. எனவே, பொருட்களையும் முகங்களையும் இனங்காணும் நரம்பணுக்களில் ஒரு பகுதியே பயிற்சியால் எழுத்துக்கு மாறுகின்றது என்பது டெஹேனின் நரம்பணு மீள்பயன்பாட்டுக் கருதுகோள். பழைய வன்பொருளில் புதிய மென்பொருளை இயக்குவது போன்றது எனலாம்; ஆனால் இங்கு வன்பொருளும் சிறிது மாறிவிடுகின்றது.

2010 இல் பிரேசில், போர்த்துகல் நாடுகளைச் சேர்ந்த 63 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வில், வாசிப்புத் திறன் கூடக்கூட எழுத்துக்களுக்கான இப்பகுதியின் துலங்கலும் கூடியது. வளர்ந்த பின்னரே எழுத்தறிவு பெற்றவர்களிடமும் இம்மாற்றம் காணப்பட்டது.

பழைய பணியின் சுவடும் எஞ்சியுள்ளது. கிளி எப்பக்கம் திரும்பினாலும் கிளியே. ஆனால் இலத்தீன் சிற்றெழுத்துக்களான 'பி', 'டி' ஆகியன திரும்பினால் வேறு எழுத்தாகிவிடும். படிக்கத் தொடங்கும் சிறுவர் எழுத்துக்களை இடவலம் மாற்றி எழுதுவதற்கு இதுவே காரணம் எனக் கருதப்படுகின்றது. தொடக்க ஆண்டுகளில் இது இயல்பானதே. இதனை மட்டும் கொண்டு குழந்தைக்கு வாசிப்புக் குறைபாடு உள்ளதென முடிவு செய்தல் தவறு.

மாற்றுக் கருத்து

பொருட்களின் படங்களுக்குப் பெயர் கூறும்போதும் இப்பகுதி செயற்படுவதால், இதனைச் சொற்களுக்கே உரியதெனக் கொள்வது பொருந்தாது என 2003 இல் கேத்தி பிரைஸ், ஜோசப் டெவ்லின் ஆகியோர் வாதிட்டனர். பிறவியிலேயே பார்வையற்றோர் பிரெய்லி எழுத்தை விரலால் தடவி வாசிக்கும்போதும் இப்பகுதி செயற்படுவது 2011 இல் கண்டறியப்பட்டது.