உதைபந்தாட்டத்தில் மத்தியகள வீரர்: ஓர் ஒப்பாய்வு

பதினொருவர் ஆடும் உதைபந்தாட்டத்திலே கோல் அடிப்பவனை எல்லோரும் அறிவர். கோல் காப்பவனையும் அறிவர். இவ்விருவருக்கும் இடையே ஆடுகளத்தின் நடுவில் நின்று ஆட்டம் முடியும்வரை உழைப்பவனை அறிந்தோர் சிலரே. அவனையே மத்தியகள வீரன் என்கிறோம். இவன் சிறந்தவனா, அவன் சிறந்தவனா என்னும் வழக்கு, எல்ல புகையிரத நிலையத்தில் பதுளை வண்டிக்குக் காத்திருக்கும் மாணவரிடையேயும் எழுகின்றது. உலகப் பத்திரிகைகளிலும் எழுகின்றது. ஆயின் அவ்வினா அரைகுறையானது. மத்தியகள வீரன் ஒருவனைத் தனியே நிறுத்தி எடைபோடுதல் இயலாது. அவன் அருகில் நிற்பவன் யாவன் என்பது தெரிந்த பின்னரே அவனது மதிப்பு விளங்கும். இதனைச் சில சான்றுகளால் ஈண்டு ஆராய்வோம்.

முற்காலத்தில் பின்னே இருவர், நடுவே மூவர், முன்னே ஐவர் என்பதே அணிவகுப்பு. நடுமூவரில் நடுவண் நின்றவனே அணியின் உயிர்நாடி. 1925ஆம் ஆண்டில் ‘ஓஃப் சைட்’ விதி தளர்த்தப்பட்டதும் முன்வீரர்க்கு வழி எளிதாயிற்று. ஆகவே அந்நடுவீரன் பின்னே இழுக்கப்பட்டுக் காவலனானான். நடுக்களத்தின் பணிகள் அப்பொழுதே பிரியத் தொடங்கின எனலாம்.

அப்பிரிவு தெளிவாகப் புலப்பட்டது 1958இல், சுவீடனில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் ஆகும். பிரேசில் அணி பின்னே நால்வரையும் முன்னே நால்வரையும் நிறுத்தி, நடுவே இருவரை மட்டுமே வைத்தது. இரண்டாம் ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு எதிராக அவ்வணியால் ஒரு கோலேனும் அடிக்க இயலவில்லை. அடுத்து சோவியத் அணியைச் சந்தித்தபொழுது பெலேயும் கரிஞ்சாவும் முதன்முறையாக அப்போட்டியிற் களமிறங்கினர். இதை உலகமே அறியும். அன்றே களமிறங்கிய மூன்றாமவர் ஒருவர் உளர். அவர் பெயர் சீட்டோ. எதிரியின் தாக்குதலை இடைமறிப்பதும், பறித்த பந்தை அருகிலுள்ளவனுக்குத் தருவதும் அவர் தொழில். அவர் காவல் நின்றமையால், அருகில் ஆடிய டீடி தலை நிமிர்ந்து, களம் முழுவதையும் நோக்கி, நாற்பது கஜத்துக்கு அப்பாலும் பந்தைச் செலுத்த முடிந்தது. இறுதியாட்டத்தின் நான்காம் நிமிடத்திலேயே சுவீடன் கோல் அடித்தபொழுது, டீடி பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு மைய வட்டத்துக்கு மெல்ல நடந்து வந்தார். அந்நிதானமும் நடுக்கள வீரனின் கலைகளுள் ஒன்றே. பிரேசில் 5—2 என வென்றது. போட்டியின் சிறந்த வீரரென டீடி போற்றப்பட்டார். சீட்டோவின் பங்கைப் பேசுவோர் இன்றும் அரியரே.

நமக்கு அண்மையிலும் இதற்குச் சான்று உண்டு. 1962ஆம் ஆண்டு செப்டெம்பர் 4ஆம் நாள், ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டத்தில், இந்திய அணி தென்கொரியாவை 2—1 என வென்று தங்கப் பதக்கம் பெற்றது. ஐதராபாத்தைச் சேர்ந்த பயிற்றுநர் சையத் அப்துல் ரகீம் பிரேசிலின் அணிவகுப்பைத் தம் வீரர்க்கு ஏற்பப் பயன்படுத்தினார். கோல் காத்த பீட்டர் தங்கராஜ் தமிழர் ஆதலின் அவரை நாம் மறப்பதில்லை. கோல் அடித்த பி. கே. பானர்ஜியையும் ஜர்னைல் சிங்கையும் வரலாறு மறக்கவில்லை. நடுவே ஆடிய பிராங்கோ, பிரசாந்த சின்ஹா ஆகிய இருவரின் பெயரை நம்முள் எத்தனை பேர் சொல்லுவர்?

கோயில் மேளத்தில் நாதசுவரக்காரனையும் தவில்காரனையும் கண்டு வியக்கின்றோம். ஒத்து ஊதுபவனை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ‘ஒத்து ஊதுதல்’ என்பதை வசைமொழியாகவே ஆக்கிவிட்டோம். ஆயினும் ஒத்து நின்றுபோனால் வித்துவானின் சுருதி என்னாகும்?

இதற்கு விடை 2003ஆம் ஆண்டு கிடைத்தது. ஸ்பெயினின் ரியல் மட்ரிட் கழகத்தில் குளோட் மக்கலேலே என்னும் பிரெஞ்சு வீரர் மூன்று பருவங்கள் ஆடினார். அவர் கோல் அடிப்பதும் அரிது. நெடும்பந்து செலுத்துவதும் அரிது. பின்னிரையின் முன்னே நின்று, எதிரி வரும் வழியை முன்னுணர்ந்து அடைப்பதே அவர் பணி. அக்காலத்தில் அக்கழகம் நாட்டின் லீக் கிண்ணத்தை இருமுறையும் ஐரோப்பியக் கிண்ணத்தை ஒருமுறையும் வென்றது. அவர் ஊதிய உயர்வு வேண்டினார், கழகம் இணங்கவில்லை. அவர் லண்டன் செல்சீ கழகத்துக்கு விற்கப்பட்டார். அதே கோடையில் புகழ் வாய்ந்த டேவிட் பெக்கம் வாங்கப்பட்டார். பின்னர் நிகழ்ந்தது யாது? 2007 வரை ரியல் மட்ரிட் லீக் கிண்ணத்தைக் காணவில்லை. செல்சீயோ 2005, 2006 ஆகிய ஈராண்டும் இங்கிலாந்தின் வெற்றிக் கழகமாயிற்று. பயிற்றுநர் தெல் போஸ்க் அதே கோடையில் நீக்கப்பட்டமையால், வீழ்ச்சி முழுவதையும் ஒரு வீரரின் பிரிவுக்கே ஏற்றுதல் முறையன்று. எனினும் அவரது பிரிவு பெருங்காரணங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை.

இதன் மறுபுறத்தை இங்கிலாந்து காட்டியது. ஸ்டீவன் ஜெரார்ட், பிராங்க் லம்பார்ட் ஆகிய இருவரும் தத்தம் கழகங்களில் ஈடிணையற்றவர்கள். இருவருமே முன்னோக்கி ஓடிக் கோல் அடிக்கும் இயல்பினர். நாட்டு அணியில் இருவரும் சேர்ந்து நின்றபொழுது, ஒருவர் முன்னேற மற்றவர் பின்தங்கிக் காக்கும் ஒழுங்கு அமையவில்லை. 2007 நவம்பரில் குரோஷியாவிடம் 3—2 எனத் தோற்ற இங்கிலாந்து, மறுவருட ஐரோப்பியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. இரண்டு நல்ல மாடுகள் ஒரு நல்ல சோடியாகிவிடா என்பதை வண்டிக்காரர் நன்கறிவர்.

முன்னர்க் கூறிய தெல் போஸ்க்கே 2010இல் ஸ்பெயினின் நாட்டு அணியை உலகக் கிண்ணத்துக்கு அழைத்துச் சென்றார். புஸ்கெற்ஸ், அலொன்சோ எனக் காவலும் வழங்கலும் அறிந்த இருவரைப் பின்னேயும், சாவியை அவர்க்கு முன்னேயும் நிறுத்தினார். முதல் ஆட்டத்தில் சுவிற்சர்லாந்திடம் தோற்றதும், அவ்விருவரில் ஒருவர் மிகை என்ற குறை எழுந்தது. அவர் மாற்றவில்லை. ஏழு ஆட்டங்களில் எட்டே கோல்கள் அடித்து அவ்வணி கிண்ணம் வென்றது. இங்கே சாவியின் கலையைச் சற்றே கூர்ந்து நோக்குதல் தகும். அவர் விரைவாக ஓடுபவர் அல்லர், உயரமும் அல்லர். பந்து தம்மிடம் வந்து சேருமுன் இடமும் வலமும் முதுகுப்புறமும் பலமுறை திரும்பிப் பார்ப்பார். ஆதலின் பந்து காலிற் பட்டபொழுது அதனை எங்கே அனுப்புவது என்பது முன்னரே முடிவாகியிருக்கும்.

இனி நம் நிலைமையைக் காண்போம். ஊவா மலைகளிற் சமதரை அரிது. சரிவை வெட்டித் திருத்திய தோட்டத்து மைதானம் பெரும்பாலும் சிறியது. பந்து வரம்பைத் தாண்டினால் தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு கீழே போய்விடும். அத்தகைய களத்தில் கோல்காப்பாளன் ஓங்கி உதைத்தால் பந்து மறுகோல் வாயிலில் விழும்; நடுக்களம் என ஒன்று இருப்பதே தெரியாது. லயத்துப் பிள்ளைகள் நெரிசலில் பந்தை விடாது காக்கும் திறமை பெறுவது அக்களத்தாலேதான். ஆனால் பதுளை வின்சன்ட் டயஸ் மைதானம் போன்ற முழு அளவுக் களத்தில் இறங்கியதும் நடுவே பெருவெளி திறந்துவிடுகின்றது. பின்னவர் பின்னேயும் முன்னவர் முன்னேயும் நிற்க, எதிரணி அவ்வெளியைத் தனதாக்கிக் கொள்கின்றது. உடல்வலியில் நாம் குறைந்தமையால் தோற்றோம் என்று வீடு திரும்புகையிற் பேசிக்கொள்கிறோம். அது சரியான நோய்க்குறிப்பன்று.

பாடசாலை அணி தெரிவு செய்யப்படும் நாளில், ஆறு பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டு செல்பவன் முதலிலே எடுக்கப்படுகின்றான். இரண்டு அடியில் பந்தை நிறுத்தி, அருகிலுள்ளவனுக்கு ஒழுங்காகக் கொடுத்து, உடனே வெற்றிடத்துக்கு நகர்பவன் ‘ஒன்றும் செய்யவில்லை’ எனக் கழிக்கப்படுகின்றான். தெரிவாளர் ஓர் ஆட்டம் முழுவதும் பந்தை விடுத்து அச்சிறுவனை மட்டுமே பார்த்தல் வேண்டும். எதிரி தாக்கும்பொழுது அவன் எங்கே நிற்கிறான்? தோழன் முன்னேறினால் அவன் விட்ட இடத்தை நிரப்புகின்றானா? பந்து இழந்தபின் தலையிற் கைவைத்து நிற்கின்றானா, திரும்பி ஓடுகின்றானா? இவற்றைக் குறித்துக்கொள்ள ஒரு பென்சிலும் தாளும் போதும்.

பயிற்சிக்கும் சிறிய மைதானம் தடையன்று. நடுவே ஒருவனை நிறுத்தி எதிரிலிருந்து பந்தை உருட்டுக. அவன் முதுகுக்குப் பின்னே ஆசிரியர் நின்று கைவிரல்களை உயர்த்துக. பந்து காலைத் தொடுமுன் எத்தனை விரல் என்று அவன் திரும்பிப் பார்த்துச் சொல்லுதல் வேண்டும். தொடக்கத்தில் விரலைப் பார்த்தவன் பந்தை விடுவான். பந்தைப் பிடித்தவன் விரலைக் காணான்.